கட்டளையின் மொழி: ‘பால்வெளி வீரர் காதை’யில் போர்த்தந்திரமும் தலைமை முடிவுகளும்

1. முன்னுரை

ஜப்பானிய எழுத்தாளர் தனாகா யோஷிகி எழுதிய ‘கிங்கா எய்யூ தென்செட்சு’ என்னும் அறிவியல் புனைகதை 1982 முதல் 1987 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இதன் தலைப்பைத் தமிழில் ‘பால்வெளி வீரர் காதை’ என வழங்கலாம். இஷிகுரோ நொபொருவின் இயக்கத்தில் அசைவூட்டப் படத் தொடராகி, 1988 முதல் 1997 வரை 110 பகுதிகளாக வீடியோ நாடா வடிவில் இது வெளியாயிற்று. 2018 முதல் மற்றொரு படத் தொடராகவும் இக்கதை எடுக்கப்பட்டது.

எதிர்காலத்தில் விண்மீன்களிடையே குடியேறிய மனித இனம் முடியாட்சிப் பேரரசு, மக்களாட்சிக் கூட்டமைப்பு என இரண்டாகப் பிரிந்து, ஏறத்தாழ 150 ஆண்டுகளாகப் போரிட்டு வருகிறது. பேரரசின் இளந்தளபதி ரெய்ன்ஹார்ட், கூட்டமைப்பின் தளபதி யாங் வென்லி ஆகிய இருவரும் கதையின் இரு முனைகள். யாங் வரலாறு கற்க விரும்பி, கட்டணமின்றிப் பயில வழியிருந்ததால் படைக் கல்லூரியிற் சேர்ந்தவன்.

இப்படைப்பைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் போர்த்தந்திரங்களைச் சுற்றியே அமைகின்றன. எந்த அணிவகுப்பு சிறந்தது, எந்தத் தளபதி எங்கே தவறினான் என்பன இன்றும் பேசப்படும் வினாக்கள். பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒவ்வொரு போரையும் பற்றி மாறுபட்ட கருத்துரைப்பதாகவே கதைசொல்லி கூறிச் செல்வதால், இவ்விவாதம் படைப்பினுள்ளேயே தொடங்கிவிடுகிறது எனலாம். எனினும் அணிவகுப்பைக் காட்டிலும் அடிப்படையான ஒன்று இவ்விவாதங்களில் போதிய கவனம் பெறவில்லை. இப்படைப்பில் வெற்றியும் தோல்வியும் முதலில் மொழியில் நிகழ்கின்றன. யார், யாருக்கு, எந்த வாக்கியத்தால் கட்டளையிடுகிறார், அவ்வாக்கியத்தை எதிர்த்து வினவ இயலுமா என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. இக்கட்டுரை நான்கு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்கிறது.

2. அஸ்தார்தே: காரணங் கூறும் கட்டளை

அஸ்தார்தே போரில் ரெய்ன்ஹார்ட்டின் 20,000 கலங்களைக் கூட்டமைப்பின் 40,000 கலங்கள் எதிர்கொள்கின்றன. அவை முறையே 12,000, 13,000, 15,000 கலங்கள் கொண்ட மூன்று படைகளாகப் பிரிந்து மூன்று திசைகளிலிருந்து நெருங்குகின்றன. முன்னொரு காலத்தில் தகோன் என்னுமிடத்தில் பேரரசுப் படையைச் சுற்றிவளைத்து அழித்த வெற்றியை மீண்டும் நிகழ்த்துவதே அவர்தம் நோக்கம். ரெய்ன்ஹார்ட் சுற்றிவளைப்பு நிறைவுறுமுன் ஒவ்வொரு படையையும் தனித்தனியே தாக்குகிறான். மொத்தத்தில் சிறிய படை, மோதும் ஒவ்வோர் இடத்திலும் பெரிய படையாகிவிடுகிறது. நெப்போலியனின் போர்முறையைக் கற்றோர்க்கு இது புதிதன்று.

இப்போர்க் காட்சிகளின் மீது கூறப்படும் முதன்மையான குறை, மேல் கீழ் என்ற வரையறையற்ற விண்வெளியில் படைகள் சமதரையில் நிற்பனபோல் நிற்கின்றன என்பது. இக்குறை உண்மையானதே. ஆப்பு வடிவத் தாக்குதலும் சுற்றிவளைப்பும் பழங்காலத் தரைப்போர்களிலிருந்து பெறப்பட்டவை. விண்வெளிப் போரின் இயற்பியலைக் கற்க விழைவோர்க்கு இப்படைப்பு பயன்படாது. ஆயின் வடிவியல் எளிமையாக இருப்பதனாலேயே முடிவெடுத்தல் தெளிவாகப் புலப்படுகிறது. சதுரங்கக் கட்டங்களைப் போல, இங்கும் களம் சுருங்கியுள்ளமையால் ஆடுவோரின் மனம் விரிவாகத் தெரிகிறது.

போருக்கு முன் ரெய்ன்ஹார்ட்டின் கீழ்ப் பணியாற்றும் தளபதிகள் பின்வாங்குமாறு அவனை வற்புறுத்துகின்றனர். அவன் அவர்கள் கூற்றைக் கேட்டு, எதிரியின் படைகள் பிரிந்திருத்தல், ஒவ்வொன்றின் அளவு, அவை ஒன்றுசேரத் தேவைப்படும் காலம் ஆகியவற்றை எடுத்துரைத்து, அதன் பின்னரே ஆணையிடுகிறான். கூட்டமைப்பின் பக்கத்தில் நிகழ்வது வேறு. யாங் முன்வைத்த யோசனை ஏற்கப்படவில்லை. ஆறாம் படையில் எதிரி அடுத்துப் பின்புறமாக வருவான் என லாப் என்னும் இளைய அதிகாரி எச்சரிக்கிறான். தளபதி மூர் அதனைப் புறக்கணிக்கிறார். எதிரியின் தாக்குதலுக்கு இடையிலேயே படை முழுவதையும் திரும்பச் செய்யும் ஆணையை அவர் இடுகிறார். அப்படை அழிகிறது, லாப்பும் மடிகிறான். முடியாட்சிப் படையில் மறுப்புரைக்கு விடை கிடைக்கிறது, மக்களாட்சிப் படையில் கிடைப்பதில்லை என்னும் இம்முரண் தற்செயலானதன்று. இப்படைப்பின் அரசியல் வினா முழுவதும் இதிலிருந்தே எழுகிறது.

இரண்டாம் படையின் தளபதி காயமுற்றதும் பொறுப்பேற்கும் யாங், தன் வீரர்களுக்கு ஆற்றும் சிற்றுரையும் நோக்கத்தக்கது. அவன் வெற்றியை வாக்களிக்கவில்லை. தோற்காதிருத்தல் என்ற சிறிய இலக்கை மட்டும் கூறி, அதனை அடைய அவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறான். ரெய்ன்ஹார்ட்டின் படை நடுவே பிளந்து பாயும்போது, யாங்கின் படை இரு பக்கமாகப் பிரிந்து அதன் பின்புறத்தை அடைகிறது. ஒன்றன் வாலை மற்றொன்று கவ்வும் இரு பாம்புகளைப்போல் இரு படைகளும் வளையமாகின்றன. இருவரும் பயனின்மை உணர்ந்து விலகுகின்றனர். இத்தந்திரம் கணிப்பொறிகளில் முன்னரே பதிக்கப்பட்டிருந்தது. ஆகவே அவன் செய்தது மிகச் சுருங்கிய ஓர் ஏவல் மட்டுமே. அவ்வேவலின் பொருளை ஏற்போர் முன்னரே பகிர்ந்துகொண்டிருந்தமையால் அச்சுருக்கம் போதுமானதாயிற்று.

3. படையெடுப்பு: எழுவாய் இழந்த வாக்கியம்

அதே ஆண்டில் கூட்டமைப்பு பேரரசின்மீது படையெடுக்க முடிவு செய்கிறது. ஆட்சியாளரின் செல்வாக்குச் சரிவே உண்மைக் காரணம். அமைச்சரவையில் ஆதரவு ஆறு, எதிர்ப்பு மூன்று என்ற வாக்குகளால் தீர்மானம் நிறைவேறுகிறது. மூன்று கோடி வீரர்கள் திரட்டப்படுகின்றனர். திட்டத்தை வகுத்தவன் ஃபோர்க் என்னும் இளைய அதிகாரி.

திட்ட விளக்கக் கூட்டத்தில் படையெடுப்பின் நோக்கம் யாது, எதிரி எவ்வாறு நடந்தால் என்ன செய்வது என மூத்த தளபதிகள் வினவுகின்றனர். ஃபோர்க்கின் விடை உயர்ந்த நெகிழ்வுத்தன்மை, சூழலுக்கேற்பச் செயற்படல் என்னும் இரு கருத்துகளை ஒட்டவைத்ததாக அமைகிறது. தெளிவாகக் கூறுமாறு தளபதி உராம்ப் கேட்கிறார். மனம்போன போக்கில் நடப்பது என்பதுதானே இதன் பொருள் என முதிய தளபதி புகாக் சுருக்கிக் காட்டுகிறார். ஜப்பானிய வாசகரிடையே இப்படைப்பின் பகுதிகளுள் மிகுதியாக நினைவுகூரப்படுபவற்றுள் இதுவும் ஒன்று.

ஃபோர்க்கின் வாக்கியத்தை மொழியியல் நோக்கிற் பகுத்துப் பார்த்தல் பயன்தரும். எழுவாயின்றி வாக்கியம் அமைதல் ஜப்பானிய மொழியின் இயல்பு. தமிழுக்கும் அஃது இயல்பே. எனவே எழுவாய் இன்மை மட்டும் குற்றமன்று. விடுபட்ட எழுவாயைக் கேட்போன் சூழலிலிருந்து மீட்டுக்கொள்ள இயலுமா என்பதே உரைகல். இங்கு அது இயலாது. செய்பவர் இலர்; செயப்படுபொருள் இல்லை; காலமும் இடமும் இல்லை. தொழிற்பெயர்களே வினைமுற்றின் இடத்தை நிரப்புகின்றன. ‘செய்வோம்’ என முடிய வேண்டியது ‘நிகழும்’ என்ற பொருளில் முடிகிறது. இத்தகைய வாக்கியத்தைப் பொய்யென நிறுவ இயலாது. ஏனெனில் அது எதனையும் கூறவில்லை. மெய்யென நிறுவவும் இயலாது. அதனாலேயே அது பதவியுள்ளோர்க்கு வசதியானதாகிறது.

விளைவு விரைவில் தெரிகிறது. ரெய்ன்ஹார்ட் எல்லைக் கோள்களிலிருந்த உணவை அகற்றிவிட்டுப் பின்வாங்குகிறான். விடுதலை அளிக்க வந்த படை, ஐந்து கோடி மக்களுக்கு உணவளிக்கும் சுமையை ஏற்கிறது. வழங்கல் முறிகிறது. பின்வாங்க இசைவு கேட்கும் புகாக் தலைமைத் தளபதியுடன் பேச முயல்கிறார். தலைமைத் தளபதி பகலுறக்கத்தில் இருப்பதாக விடை கிடைக்கிறது. அம்ரிட்சா போருடன் முடியும் இப்படையெடுப்பில் இரண்டு கோடிப் பேர் திரும்பவில்லை.

ஜப்பானிய வாசகர்க்கு இது வெறுங் கற்பனையன்று. 1943 பிப்ரவரியில் குவாடல்கனால் தீவிலிருந்து ஜப்பானியப் படை வெளியேறியபோது பேரரசுத் தலைமையகம் பின்வாங்கல் என்னும் சொல்லைத் தவிர்த்து, திசைமாறிச் செல்லுதல் எனப் பொருள்படும் ‘தென்ஷின்’ என்ற சொல்லை ஆண்டது. அதே ஆண்டு மே மாதம் அட்டு தீவிலிருந்த படை அழிந்தபோது, மணி நொறுங்குதல் எனப் பொருள்படும் ‘கியோகுசாய்’ என்ற சொல் அறிவிப்பில் இடம்பெற்றது. ‘தைஹொன்எய் ஹப்பியோ’, அதாவது தலைமையக அறிவிப்பு என்னும் தொடர் போருக்குப்பின் நம்பத்தகாத அரசு அறிவிப்பைக் குறிக்கும் வழக்காகவே மாறிற்று.

இந்திய மண்ணில் நிகழ்ந்த ஒரு சான்றும் இங்கு எண்ணத்தக்கது. 1944இல் ஜெனரல் முதாகுச்சி ரென்யா இம்பால்மீது படைநடத்தினார். வழங்கல் வழியின் போதாமை தொடக்கத்திலேயே சுட்டப்பட்டும் திட்டம் கைவிடப்படவில்லை. கோகிமாவில் உணவும் வெடிபொருளும் தீர்ந்த நிலையில் 31ஆம் டிவிஷனின் தளபதி சாத்தோ கொதொக்கு ஆணையை மீறிப் படையைப் பின்னிழுத்தார். அவரும் ஏனைய இரு டிவிஷன் தளபதிகளும் பதவியிழந்தனர். ஜூன் மாதத் தொடக்கத்தில் முதாகுச்சியும் அவருடைய மேலதிகாரி கவாபே மசகாசுவும் நேரிற் சந்தித்தனர். படையெடுப்பை நிறுத்த வேண்டும் என்ற சொல் இருவர் வாயிலிருந்தும் வரவில்லை. தம் முகக்குறிப்பிலிருந்து கவாபே அதனை உணர்ந்துகொள்ள வேண்டுமென விரும்பியதாக முதாகுச்சி பின்னர் கூறினார். நிறுத்தும் ஆணை ஜூலையிலேயே பிறந்தது. இடைப்பட்ட நாள்களில் மழையிலும் பசியிலும் நோயிலும் வீரர்கள் மடிந்துகொண்டிருந்தனர். தனாகா இந்நிகழ்ச்சியை நேரே தழுவினார் எனக் கொள்ளவேண்டியதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமை உயிர்களைக் கொல்லும் என்னும் அறிவு அவர் தலைமுறைக்குப் பொதுவானது.

4. வெஸ்டர்லாந்து: கட்டளையாகும் மௌனம்

இதுகாறும் கூறியவற்றால், தெளிவாகப் பேசும் ரெய்ன்ஹார்ட்டே சிறந்த தலைவன் என்னும் முடிவு பெறப்படலாம். பலர் இப்படைப்பைச் சர்வாதிகாரப் புகழ்ச்சியெனக் கருதுவதற்கும் இதுவே காரணம். வெஸ்டர்லாந்து நிகழ்ச்சி அம்முடிவைத் தகர்க்கிறது. பகைப் பிரபு ஒருவன் இருபது இலட்சம் மக்கள் வாழும் அக்கோளை அணுகுண்டால் அழிக்கத் திட்டமிடுவது ரெய்ன்ஹார்ட்டுக்கு முன்னரே தெரியவருகிறது. அவ்வழிவு நிகழவிட்டால் பிரபுக்களின் கொடுமை உலகறியும், போர் விரைவில் முடியும், மொத்த உயிரிழப்பும் குறையும் என்று ஆலோசகன் ஓபர்ஸ்டைன் கணக்கிடுகிறான். அழிவு தடுக்கப்படவில்லை.

இங்கு ஓபர்ஸ்டைனின் வாக்கியங்களில் தெளிவுக்குக் குறைவில்லை. தொகைகளும் காரணங்களும் சரியாகவே உள்ளன. ஃபோர்க்கின் மொழிக்கு நேர்மாறானது இது. ஆயினும் இருபது இலட்சம் பேர் அக்கணக்கில் எழுவாயாகவோ கேட்போராகவோ இடம்பெறாமல் வெறும் எண்ணாகவே நிற்கின்றனர். ஆணையிட வேண்டிய இடத்தில் இருப்பவனின் மௌனமும் ஆணையே என்பதை நண்பன் கிர்ஹ்ஐஸ் நேர்நின்று கேட்கும்போது ரெய்ன்ஹார்ட் உணர்கிறான். எனினும் தன் குற்றத்தை ஒப்பவியலாது, நண்பனைக் கீழ்ப்பணியாளன் நிலைக்குத் தள்ளுகிறான். வினவும் குரல் அவ்விடத்தில் அறுபடுகிறது. அதன் விலை கிர்ஹ்ஐஸின் உயிர். ஆகவே தெளிவு கட்டளையின் தேவை மட்டுமே. அதுவே அதன் நியாயம் ஆகாது.

5. வெர்மிலியன்: பணிதலின் வினா

இப்படைப்பில் மிகுந்த விவாதத்திற்குரிய முடிவு வெர்மிலியன் போரில் எடுக்கப்படுவது. யாங்கின் பீரங்கிகளுக்கு முன் ரெய்ன்ஹார்ட்டின் தலைமைக் கலம் காப்பின்றி நிற்கிறது. அவ்வேளையில் நிபந்தனையற்ற போர்நிறுத்தத்திற்கான ஆணை கூட்டமைப்பு அரசிடமிருந்து வருகிறது. பேரரசின் மற்றொரு படை தலைநகரக் கோளை அச்சுறுத்திப் பணியவைத்துவிட்டது. ஆணையைப் பொருட்படுத்தாது சுடுமாறு ஷோன்கோப் தூண்டுகிறான். யாங் சுடவில்லை.

யாங் சுட்டிருக்க வேண்டும் என்போர் வெற்றியின் அண்மையைக் காட்டுவர். சுடாதது சரி என்போர், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குப் படை அடங்குதல் மக்களாட்சியின் அடித்தளம் என்பர். பின்னவர் கூற்றுக்கு ஜப்பானிய வரலாறு வலுவூட்டுகிறது. 1931 செப்டம்பரில் மஞ்சூரியாவில் குவாண்டுங் படை அதிகாரிகள் அரசின் இசைவின்றிப் போரைத் தொடங்கினர். வெற்றி பெற்றமையால் அம்மீறல் பின்னர் ஏற்கப்பட்டது. அவ்வேற்பு ஜப்பானை எங்கு கொண்டு சேர்த்தது என்பதை உலகறியும்.

ஆயினும் இவ்விரு தரப்பினரும் ஒன்றைக் கடந்துவிடுகின்றனர். மெய்ம்மை பொய்ம்மை என்பவற்றால் அளக்கவியலாத வாக்கியங்கள் உண்டு, அவை உரிய நெறிப்படி நிகழ்ந்தனவா என்றே அளக்கப்பட வேண்டும் என்று தத்துவ அறிஞர் ஆஸ்டின் விளக்கினார். கட்டளை அவ்வகையினது. வெர்மிலியன் ஆணையின் பிறப்பைப் படைப்பு மறைக்கவில்லை. ஆட்சித்தலைவர் துரூனிஹ்ட் சரணடைய முற்பட்டபோது, எதிர்த்த பாதுகாப்பு அமைச்சரையும் புகாக்கையும் ஆயுதமேந்திய சமயக் குழுவினரைக் கொண்டு அடக்கினார். வடிவத்தில் அது சட்டப்படியான ஆணை. பிறந்த முறையில் வன்முறையின் விளைவு. யாங்குக்கு எட்டியது வடிவம் மட்டுமே.

இதனால் யாங்கின் முடிவு தவறாகிவிடுமோ எனின், ஆகாது எனலே பொருந்தும். தனக்கு வந்த ஆணை செல்லத்தக்கதா எனப் படைத்தலைவன் ஒவ்வொருவனும் பீரங்கியருகே நின்று தானே தீர்ப்பளிக்கத் தொடங்கின், மிகச் சிறந்தவனும் மிகக் கொடியவனும் ஒரே உரிமையைப் பெறுவர். யாங் அவ்வுரிமையை மறுத்ததன் மூலம் தன்னைப் போன்றோரிடமிருந்து மக்களாட்சியைக் காக்கிறான். அதே வேளையில் துரூனிஹ்ட் போன்றோரிடம் அதனை இழக்கிறான். ஆணையின் தூய்மையைப் போர்க்களத்தில் மீட்க இயலாது. அஃது அவை நடுவே, வினவுவோரின் வாய் அடைக்கப்படும் அவ்விடத்திலேயே காக்கப்பட்டிருக்க வேண்டும். படையெடுப்பை வாக்கெடுப்பால் ஏற்ற அன்றே இவ்விழப்பு தொடங்கிவிட்டது.

6. முடிவுரை

‘பால்வெளி வீரர் காதை’யின் போர்த்தந்திரங்கள் எளியவை, சில இடங்களில் நம்பத்தகாதவையும்கூட. அதன் வலிமை, தந்திரத்திற்கு முந்திய நிலையைக் காட்டுவதில் உள்ளது. காரணங் கூறும் கட்டளை, பொருளற்ற கட்டளை, மௌனமாய் நிற்கும் கட்டளை, நெறிதவறிப் பிறந்த கட்டளை என நால்வகையை அது அடுத்தடுத்து நிறுத்துகிறது. இவற்றுள் ஒன்றையேனும் அணிவகுப்பு வரைபடத்தில் குறிக்க இயலாது.

வினவும் உரிமையை முடியாட்சித் தலைவன் தன் விருப்பால் அளிக்கிறான்; விரும்பாதபோது எடுத்துக்கொள்கிறான். மக்களாட்சியில் அவ்வுரிமை சட்டத்தால் உள்ளது. எனினும் அதனைப் பயன்படுத்துவோர் சிலரே. தனாகா இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து வாசகர்க்கு அளிக்கவில்லை. ஃபோர்க்கின் வாக்கியத்தைக் கேட்டு அவையிலிருந்தோர் பலர் பேசாதிருந்தனர் என்பதை மட்டும் அவர் பதிவு செய்கிறார். இரண்டு கோடிப் பேரின் இறப்பில் அவர்தம் பேசாமைக்கும் பங்குண்டு.