மதுக்கூடத்தில் ஒரு கவியரங்கம்: சிக்காகோ ‘ஸ்லாம்’ கவிதையும் கேட்போர் உரிமையும்

1984ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், ‘கெட் மீ ஹை லவுஞ்ச்’ என்னும் சிறிய ஜாஸ் மதுக்கூடத்தில், கட்டுமானத் தொழிலாளராக இருந்த மார்க் ஸ்மித் என்பார் ஒரு கவிதை வாசிப்பு நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1986ஆம் ஆண்டு சூலை மாதத்தில் அந்நிகழ்ச்சி, அதே நகரின் வடபகுதியில் அமைந்த ‘கிரீன் மில்’ என்னும் பழம்பெரும் மதுக்கூடத்திற்கு இடம்பெயர்ந்தது. மதுவிலக்குக் காலத்தில் அல் கப்போனின் கூட்டத்தாரோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் இம்மதுக்கூடத்தில்தான், ஞாயிற்றுக்கிழமைதோறும் பல்லாண்டுகள் நிகழ்ந்த ‘ஸ்லாம்’ என்னும் கவிதைச் சமர் உருப்பெற்றது. 1990இல் சான் பிரான்சிஸ்கோவில் நாடளாவிய முதற்போட்டி நடைபெற்றது. பின்னர் ஐரோப்பிய நாடுகளுக்கும், 2003ஆம் ஆண்டளவில் ஆங்கிலக் கவிதை வழியாகச் சிங்கப்பூருக்கும் இவ்வடிவம் வந்து சேர்ந்தது. பரவலின் வரலாறு இக்கட்டுரைக்கு இவ்வளவே போதுமானது. அவ்வடிவம் கவிதைக்கு என்ன செய்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இத்தகையதொரு பொருளை இந்தியவியல் துறையின் இதழொன்றில் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கவிதையைக் காதால் கேட்டு, கேட்ட இடத்திலேயே மதிப்பிடும் மரபு நமக்குப் புதிதன்று. அரங்கேற்றம் என்னும் சொல்லே அதற்குச் சான்று. சங்கப் பலகை பற்றிய தொன்மக் கதையும், நக்கீரர் குற்றம் கண்ட கதையும், தமிழர்கள் ‘ஒரு பாடல் நன்று என்று கூறும் தகுதி யாருக்கு உண்டு?’ என்ற வினாவை எவ்வளவு காலமாகச் சுமந்து வந்துள்ளனர் என்பதைக் காட்டுகின்றன. அக்கதைகள் அனைத்திலும் விடை ஒன்றே: தகுதி புலவருக்கே உரியது. சிக்காகோவில் அதற்கு நேர்மாறான விடை முன்வைக்கப்பட்டது. அங்குப் பலகையின் இடத்தில் அமர்ந்திருப்போர், கையில் மதுக்குவளையோடு அன்று மாலை தற்செயலாக உள்ளே நுழைந்தவர்கள்.

விதிகள் எளியவை. தாமே இயற்றிய கவிதையைத்தான் சொல்ல வேண்டும். மூன்று மணித்துளிகளே கால அளவு. ஒப்பனை உடையோ, கைப்பொருளோ, இசைக்கருவியோ கூடாது. நாடளாவிய போட்டிகளில் பார்வையாளரிலிருந்து ஐவர் நடுவராகத் தெரிவு செய்யப்பட்டு, பூச்சியம் முதல் பத்து வரை பதின்மப் புள்ளியோடு மதிப்பெண் அளிப்பர். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் நீக்கப்பட்டு, எஞ்சிய மூன்றும் கூட்டப்படும். ஆகவே முப்பதே முழு மதிப்பெண். பத்து நொடிச் சலுகைக்கும் மேல் நேரம் கடந்தால் மதிப்பெண் குறையும். போட்டிக்கு முன்னர் யாரும் பெயர் கொடுத்து மேடையேறக்கூடிய திறந்த மேடை ஒன்று இருக்கும். போட்டியில் இல்லாத ஒருவர் முதலில் வந்து வாசித்து, நடுவர்கள் கைப்பழக்கம் பெற உதவுவதும் உண்டு. அவரைப் ‘பலிக் கவிஞர்’ என்றே அழைக்கின்றனர்.

ஆனால் கிரீன் மில்லின் உண்மையான விதிகள் தாளில் எழுதப்பட்டவை அல்ல. அங்குக் கவிதை சலிப்பூட்டினால் கேட்போர் விரல் சொடுக்குவர், மேலும் சலிப்பூட்டினால் தரையைக் காலால் தட்டுவர். பெண்களை இழிவுபடுத்தும் வரி வந்தால் பெண்கள் கூடிச் சீறல் ஒலி எழுப்புவர். (பிற நகரங்களில் விரல் சொடுக்குதல் பாராட்டாக மாறிவிட்டது. மூல இடத்தில் கண்டனமாக இருந்த ஒன்று பரவிய இடத்தில் கைதட்டலாக ஆனது தனியே ஆராயத்தக்கது.) கவிஞரும் அவ்வொலிகளைக் கேட்டுக்கொண்டேதான் சொல்ல வேண்டும். தமக்குப் புரிந்ததா, பிடித்ததா என்பதைக் கேட்போர் மறைக்க வேண்டியதில்லை என்பதே ஸ்மித்தின் அடிப்படைக் கருத்து. இவ்வேற்பாட்டின் மையம் போட்டி என்பதைவிடக் கேட்போருக்கு அளிக்கப்பட்ட இவ்வுரிமையே என்று கொள்வது பொருந்தும். மதிப்பெண்கள் வெறும் வேடிக்கைக்கே என்று ஸ்லாம் வட்டாரத்தாரே ஓயாமல் சொல்லி வந்துள்ளனர்.

இவ்வுரிமை எந்தச் சூழலில் கோரப்பட்டது என்பதையும் நோக்க வேண்டும். அமெரிக்கக் கவிதை அக்காலத்தில் பெரும்பாலும் பல்கலைக்கழகப் படைப்பிலக்கியத் துறைகளுக்குள் வாழ்ந்தது. கவிஞர்களே கவிஞர்களுக்காக எழுதும் நிலை ஏற்பட்டுவிட்டதென டானா ஜியோயா 1991இல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பியது. அதே கட்டுரையாளர் 2003இல், ராப், ஸ்லாம் போன்ற வாய்மொழி வடிவங்களின் எழுச்சியைத் திறனாய்வாளர்கள் புறக்கணிக்க இயலாது என்றும் எழுதினார். மறுபுறம், ஹெரால்ட் புளூம் 2000ஆம் ஆண்டில் ‘பாரிஸ் ரிவ்யூ’ இதழில் ஸ்லாமைக் கலையின் மரணம் என்னும் அளவுக்குக் கடிந்துரைத்தார். மதுக்கூடத்தில் கூச்சலிடுவோரிடம் தீர்ப்பை ஒப்படைப்பதா என்பது அவருடைய சினம். புளூமின் சினத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எனினும் அவர் குறி தவறிவிட்டார் என்றே கருத வேண்டியுள்ளது. கேட்போருக்குத் தகுதி இல்லை என்பதன்று சிக்கல். மூன்று மணித்துளிகளில், ஒரே ஒருமுறை கேட்டு, உடனே எண்ணாக மாற்றப்படும் தீர்ப்பு எத்தகைய கவிதைகளை உண்டாக்கும் என்பதே சிக்கல்.

அவ்வாறு உண்டான கவிதையின் அமைப்பு பழகிய காதுக்கு விரைவில் பிடிபடும். வரித் தொடக்கத்தில் ஒரே சொற்றொடர் மீண்டும் மீண்டும் வரும், பட்டியல்கள் அடுக்கப்படும், குரல் படிப்படியாக உயரும். இரண்டரை மணித்துளி அளவில் குரல் திடீரெனத் தாழ்ந்து ஓர் ஒப்புதல் வாக்குமூலம் வெளிப்படும், பிறகு முழக்கம். நம் கவியரங்கங்களில் கைதட்டல் வேண்டி ஒரு வரியை இருமுறை சொல்லி நிறுத்தும் உத்தியை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளைக் கொண்டு இதனை அளந்து பார்க்கலாம். வெகுளியும் அழுகையும் நகையும் பெருமிதமும் இம்மேடையில் நன்கு மதிப்பெண் பெறுகின்றன. மருட்கை அரிதாகவே பெறுகிறது. வியப்பு கேட்பவரைப் பேச்சற்றவராக்குவது; பேச்சற்றுப் போனவர் அட்டையில் எண்ணை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டிய நிலையில் இருப்பது அதற்குப் பொருந்துவதில்லை. மாலை நேரம் செல்லச் செல்ல மதிப்பெண்கள் ஏறிக்கொண்டே போவதும் அனைவரும் அறிந்ததே. முதலில் வாசிப்பவர் நட்டப்படுகிறார்.

மற்றொன்று இதனினும் நுட்பமானது. ஸ்லாம் மேடையில் ‘நான்’ என்று சொல்லப்படுவது, சொல்லுகின்ற அந்த மனிதரையே குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. தம் இனம், வறுமை, உடல், குடும்பத்துக் காயம் ஆகியவற்றை மேடையில் வைப்பவருக்கு மதிப்பெண் தரும்போது நடுவர் எதனை மதிப்பிடுகிறார்? சூசன் சோமர்ஸ்-வில்லட் 2009இல் வெளியிட்ட நூலில், விளிம்புநிலை அடையாளங்கள் ‘உண்மைத்தன்மை’ என்ற பெயரில் இம்மேடைகளில் எவ்வாறு நிகழ்த்தப்படுகின்றன, பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வகுப்பினராகிய பார்வையாளர் அதனை எவ்வாறு பரிசளித்து ஏற்கின்றனர் என்பதை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒருவர் தம் துயரத்தைச் சொல்லி முடித்ததும் 8.7 என்று அட்டை உயர்த்தப்படுவதில் ஒரு கொடுமை இருக்கத்தான் செய்கிறது. குறைத்து மதிப்பிட்டால் துயரத்தை மறுத்ததாகும் என்று அஞ்சும் நடுவர் கவிதையை மதிப்பிடுவதையே கைவிடுகிறார்.

இவ்விடத்தில் அகத்திணை மரபை நினைவுகூர்வது வெறும் பெருமைக்காக அன்று. அகப்பாடலில் பேசுபவர் தலைவி, தோழி, செவிலி, பரத்தை என ஒரு கூற்றுக்குரியவரே, புலவர் அல்லர். பெயர் சுட்டப்படுவதும் இல்லை. எனவே பாடலின் துயரத்தை எந்தப் புலவரின் வாழ்க்கைச் சான்றிதழும் இன்றி நம்மால் நுகர முடிகிறது. ஸ்லாம் மேடை இப்பிரிவினையை அழித்துவிடுகிறது என்று முடித்துவிடலாம். ஆயின் அம்மேடையின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றே இம்முடிவுக்கு இடையூறாக நிற்கிறது.

சிக்காகோவில் இதழாளராகப் பணியாற்றிய பெட்ரிஷியா ஸ்மித் (மார்க் ஸ்மித்தின் உறவினர் அல்லர்) நாடளாவிய தனிநபர் போட்டியில் நான்கு முறை வாகை சூடியவர். அவருடைய புகழ்பெற்ற கவிதை ‘ஸ்கின்ஹெட்’. அதில் பேசுபவர் இனவெறி கொண்ட ஒரு வெள்ளையர். மேடையில் நின்று அதனைச் சொல்பவர் ஒரு கறுப்பினப் பெண். எவரை வெறுக்கிறதோ அவரது உடலிலிருந்தே அவ்வெறுப்புக் குரல் வெளிப்படுகிறது. இங்கு ‘நான்’ என்பது முழுக்க முழுக்கக் கூற்று. ஆனாலும் சொல்லும் உடல் கண்முன் நிற்பதால், தாளில் படிக்கும்போது கிட்டாத ஒரு முரண் கேட்போரை உலுக்குகிறது. ஒப்பனையும் கைப்பொருளும் கூடாது என்னும் விதி எதற்காக என்பது இக்கவிதையில்தான் விளங்குகிறது: உடல் ஒன்றே எஞ்ச வேண்டும். அகப்பாடல் பேசுபவரையும் புலவரையும் பிரித்துப் பெற்ற ஆற்றலை, இக்கவிதை இருவரையும் ஒரே உடலில் மோதவிட்டுப் பெறுகிறது.

அவரே 2008இல் வெளியிட்ட ‘பிளட் டாஸ்லர்’ தொகுப்பில், நியூ ஆர்லியன்ஸ் நகரை 2005இல் அழித்த கத்ரினா சூறாவளியையே பேச வைத்தார். முதியோர் இல்லமொன்றில் நீரில் மூழ்கி இறந்தோருக்காக 34 பகுதிகள் கொண்ட ஒரு கவிதையையும் அதில் அமைத்தார். அந்நூல் தேசிய நூல் விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. கிரீன் மில் அணியில் இடம்பெற்றிருந்த டைஹிம்பா ஜெஸ் தம் ‘ஓலியோ’ தொகுப்புக்காக 2017இல் புலிட்சர் பரிசு பெற்றார். அத்தொகுப்பிலும் வரலாற்று மாந்தர் பலரின் கூற்றுகளே பேசுகின்றன. நியூயார்க்கின் நூயோரிக்கன் கவிஞர் கஃபேயில் 1990இல் வாகை சூடிய பால் பீட்டி, 2016இல் புதினத்துக்காக மேன் புக்கர் பரிசு பெற்றார். இவர்களை ஸ்லாம் உருவாக்கியதென்று கூறுவது மிகை. எனினும் கேட்போரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகிய ஒருவர், பின்னர் தாளில் எழுதும்போதும் பிறர் குரலை விட்டுவிடவில்லை என்பது கவனத்திற்குரியது. புளூம் அஞ்சிய மரணம் நிகழவில்லை.

தமிழாசிரியர்கள் இதில் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறொன்று. நம் பள்ளிகளின் கவிதை ஒப்புவித்தல் போட்டிகளில் மாணவர் சொல்வது பிறருடைய கவிதை, மதிப்பிடுவோர் ஆசிரியர், அளவுகோல் உச்சரிப்பு, தொனி, பாவனை, மற்ற மாணவர்கள் கைகட்டிக் கேட்கின்றனர். ஒரு கவிதை தமக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பைப் பதினோராண்டுப் பள்ளி வாழ்வில் ஒருமுறையும் பெறாமல் வெளியேறும் மாணவர்தான், பின்னர் பல்கலைக்கழக வகுப்பில் ஒரு கவிதை ‘நன்றாக உள்ளது’ என்பதற்கு மேல் எதுவும் சொல்ல இயலாமல் அமர்ந்திருக்கிறார். இதனை இக்கட்டுரையாளர் ஆண்டுதோறும் காண்கிறார். ஸ்லாமின் மதிப்பெண் அட்டைகளை நம் வகுப்பறைக்குக் கொண்டுவரத் தேவையில்லை. அவை அதன் பலவீனமான பகுதி. கேட்பவர் தம் ஏற்பையும் மறுப்பையும் அவ்விடத்திலேயே வெளிப்படுத்தலாம் என்னும் இசைவும், அதற்குக் காரணம் கேட்கும் ஆசிரியரும் இருந்தால் போதும். இருமுறை வாசிக்கச் செய்து, இரண்டாம் வாசிப்புக்குப் பின்னர் கருத்து மாறியதா என்று கேட்பது ஸ்லாம் மேடை செய்ய இயலாத ஒன்று. வகுப்பறையால் அது இயலும்.

நாடளாவிய போட்டியை நடத்திய அமைப்பு 2018ஆம் ஆண்டுப் போட்டியோடு தன் பணியை நிறுத்திக்கொண்டது. அப்போட்டி சிக்காகோவிலேயே நடந்தது. இதற்குள் ஸ்லாம் கவிதையின் பெரும் பார்வையாளர் கூட்டம் யூடியூப் காணொலிகளுக்கு நகர்ந்துவிட்டிருந்தது. 2013ஆம் ஆண்டளவில் ஒரே கவிதையைப் பல இலட்சம் பேர் பார்ப்பது இயல்பாகிவிட்டது. அக்காணொலிகள் பலவற்றிலும் மூன்று மணித்துளி அளவு அப்படியே உள்ளது, குரலின் ஏற்ற இறக்கமும் உள்ளது. விரல் சொடுக்குபவரும் காலால் தரையைத் தட்டுபவரும் இல்லை. கைப்பேசியில் பார்ப்பவர் சலிப்புற்றால் அடுத்த காணொலிக்குச் சென்றுவிடுகிறார். கவிஞருக்கு அது தெரிவதில்லை.