வழியின் உரிமையும் ஆற்றுப்படையும்

சிறுபாணாற்றுப்படையை மாணவர்க்குப் பாடஞ்சொல்லத் தொடங்கி நமக்கு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சொற்பொருள் கூறினோம், நச்சினார்க்கினியர் உரையை விளக்கினோம், கடையெழு வள்ளல்களின் பெயர்களை மனப்பாடம் செய்வித்தோம். ஆயினும் வழிநடைப்பட்ட ஒருவருக்கு வழிநடைப்பட்ட மற்றொருவர் சொல்லும் சொல்லே அந்நூல் என்பது நம் உள்ளத்தில் தைத்தது அண்மையில்தான். படூர்ச் சாலையில் நாம் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணமாயிற்று. அப்பிழையை மறையாது உரைத்துவிட்டு நூலுக்கு வருவோம்.

மருத்துவரின் அறிவுரைப்படி ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நடக்கத் தொடங்கினோம். படூரிலிருந்து தெற்கே கேளம்பாக்கம், அங்கிருந்து கிழக்கே திரும்பிக் கோவளம். ஏறக்குறைய இரண்டு மணி நேர நடை. ஒருநாள் கேளம்பாக்கம் சந்திப்பில், வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் நம் தொப்பியைக் கண்டு ஸலாம் உரைத்து, கோவளம் தர்காவுக்கு வழி கேட்டார். கையை நீட்டி, "நேரே போங்கள்" என்றோம். நாமும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தோம்! எனினும் நம் காலை அமைதி கெடுமே என்றெண்ணி, அவர் முன்னே போகட்டும் என்று தேநீர்க் கடையில் நின்றுவிட்டோம். பின்னர்க் கோவளத்தில் தமீமுல் அன்ஸாரி அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவின் வாயிலில் அவரைத் தேடினோம், காணவில்லை. அன்று மாலை பத்துப்பாட்டை எடுத்துப் பிரித்தபோது, பழகிய அடிகளே நம்மைப் பார்த்து வினவுவன போலிருந்தன.

ஆற்றுப்படை என்பதில் 'ஆறு' வழியைக் குறிக்கும், வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் கலைஞர், பெறாது வாடும் கலைஞரை எதிர்கொண்டு, தாம் பெற்ற இடத்துக்கு வழி காட்டுவதே இதன் இலக்கணம் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கின்றது. உ. வே. சாமிநாதையர் 1889இல் பதிப்பித்து வெளியிட்ட பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், இவ்வகையின. அவற்றுள் சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு இன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் செய்யூர்ப் பக்கத்துக் கடற்கரை; ஆதலின் அவர் நம் மாவட்டத்துப் புலவர் என்று உரிமை பாராட்டலாம்.

இதனை அறபுக் கவிதையோடு ஒப்பு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பழைய அறபுக் கஸீதாவை மூன்று பகுதிகளாகப் பகுத்துக் காட்டுவார் இப்னு குதைபா (இறப்பு: ஹிஜ்ரி 276, கி.பி. 889). பிரிந்த காதலியை நினைந்து இரங்குவது முதற்பகுதி. பாலைவழிப் பயணம் இடைப்பகுதி. வள்ளலைப் புகழ்வது இறுதிப்பகுதி. 'ரஹீல்' எனப்படும் அவ்விடைப்பகுதியில் கவிஞர் தனித்தே செல்வார். துணை அவருடைய ஒட்டகம் ஒன்றே. தரஃபா தம் ஒட்டகத்தை உறுப்புறுப்பாக வருணிக்கும் திறம் அறபு பயிலும் மாணவரெல்லாம் அறிந்தது. இரவுப் பயணமும் வெயிலும் வாகனத்தின் மெலிவும் ஏன் விரித்துரைக்கப்படுகின்றன? இத்துணைத் துன்பமுற்று வந்த எமக்கு ஈதல் உமது கடன் என்று வள்ளலுக்கு உணர்த்துதற்கே என்பது இப்னு குதைபாவின் விளக்கம். அங்கே பயணத்தின் துன்பம் கவிஞரின் உரிமைச் சீட்டாகின்றது.

தமிழ்ப் பாணரின் நிலை வேறு. அவர் பெற்றுவிட்டார், இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. வீடு நோக்கிப் போக வேண்டியவர், முன்பின் அறியாத ஒருவருக்காக வழியிடை நின்று 269 அடிகள் பேசுகின்றார். நாமோ ஒரே தொடரில் முடித்துக்கொண்டோம்.

அவர் பேசுவது வழியை மட்டுமா? தம் வீட்டின் வறுமையையும் சொல்கின்றார். குப்பையில் முளைத்த கீரையை உப்பின்றி வேகவைத்து, அயலார் காண நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ட கதை அது. அண்டை வீட்டார்க்கு மறைத்ததை வழியிற் கண்டவரிடம் திறந்து சொல்கின்றார். ஏனெனில் கேட்பவரும் பசித்தவர். "யாமும் இவ்வாறு இருந்தோம்" என்பதைக் காட்டிலும் அவருக்குத் தெம்பூட்டும் சொல் வேறில்லை. நெடுநடையில் உறவு பிறக்கும் முறையை இத்துணை நுட்பமாகக் காட்டிய பிறிதொரு நூலை நாம் கண்டதில்லை.

வழியும் வெறும் வழியன்று. கடற்கரையில் எயிற்பட்டினம், முல்லையில் வேலூர், மருதத்தில் ஆமூர் என ஊர்தோறும் யார் எதிர்கொள்வர், என்ன படைப்பர் என்று சொல்லிச் செல்கின்றார். பட்டினத்துப் பரதவர் தரும் தேறல் நமக்கு ஆகாது. ஆயினும் ஆமூரில் உழவர் வீட்டுப் பெண் இடும் வெண்சோற்றில் விளங்கும் விருந்தோம்பும் உள்ளம் நமக்கு அயலானதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை காஞ்சிக்கு வழி கூறும். அதில் உப்பு வணிகரின் வண்டிகள் செல்கின்றன. குழந்தையோடு ஒருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் செல்லும் சுங்கப் பெருவழியை வில்வீரர் காவல் புரிகின்றனர். அதில் வரும் நீர்ப்பெயற்றுத் துறையை மாமல்லபுரமாகக் கருதும் ஆய்வாளரும் உளர். படூர் வழியாகச் செல்லும் பழைய மாமல்லபுரம் சாலை, உப்புக்குப் பேர்பெற்ற கேளம்பாக்கம், கிழக்கே பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்க்கு இப்பகுதி நேற்று எழுதியது போலவே தோன்றும்.

ஐரோப்பியர் நகர நடையைப் போற்றியது வேறொரு சுவைக்காக. பாரிசுக் கவிஞர் போதலேர் 1863இல் வெளியான தம் கட்டுரையில், கூட்டத்தின் நடுவே எவராலும் அறியப்படாது நின்று அனைத்தையும் காண்பதே பேரின்பம் என்னும் கருத்துப்பட எழுதினார். அவ்வின்பம் பொய்யன்று, தேநீர்க் கடையில் நின்ற நாமும் அதனையே நாடினோம். ஆனால் காண்பவரிடம் எவரும் வழி கேளாதவரையில்தான் அது நிலைக்கும். ஒருவர் ஸலாம் கூறிவிட்டால், நாம் அதன்பின் காண்போர் மட்டும் அல்லோம். பதில் கூறக் கடமைப்பட்டோர்.

வழிக்கும் உரிமை உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்ற ஹதீது யாவரும் அறிந்தது. பார்வையைத் தாழ்த்தல், துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையை விலக்கல் என அவ்வுரிமைகள் விரியும். அபூதாவூதில் வரும் ஓர் அறிவிப்பில் 'இர்ஷாதுஸ் ஸபீல்' என்பதும் சேர்ந்துள்ளது. அத்தொடரைத் தமிழ்ப்படுத்த முயன்றபோது நாம் திகைத்து நின்றோம். 'ஸபீல்' என்பது ஆறு. 'இர்ஷாத்' என்பது நெறிப்படுத்தல். ஆற்றுப்படை என்பதன்றி வேறு தமிழ் அதற்கு ஏது? பெருநாளில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வழியாகச் சென்று மறு வழியாகத் திரும்புவார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கின்றார்கள். இதற்கு இருபதுக்கும் மேற்பட்ட காரணங்களைத் திரட்டித் தருவார் இப்னு ஹஜர். இரு வழியிலுள்ளாரையும் கண்டு ஸலாம் உரைத்தலும், இரு வழியிலுள்ள ஏழைகளுக்கும் ஈதலும் அவற்றுள் அடங்கும்.

இத்துணை புகழ்ந்த நாம் ஆற்றுப்படையின் குறையையும் சொல்லியாக வேண்டும். பரிசிலை நோக்கியே அதன் நடை அமைந்துள்ளது. நல்லியக்கோடனின் பெயர் நின்றது. ஆமூரில் சோறிட்டவளின் பெயர் நிற்கவில்லை. வழியிலுள்ளார் யாவரும் வள்ளலின் வாயிலுக்குப் படிகளாகவே வருகின்றனர். வள்ளல் இல்லாத இக்காலத்தில் நாம் அந்நூலைத் தலைகீழாகப் படித்தல் வேண்டும்: அரண்மனைப் பகுதியை விரைந்து கடந்து, ஊர்ப் பகுதிகளில் தங்குதல் வேண்டும்.

அவ்வாறு படிப்பதற்கு இன்று தேவை மிகுதி. மத்திய கைலாசத்திலிருந்து படூரை அடுத்த சிறுசேரி வரை அச்சாலை ஆறு தடங்களாக விரிந்து, இப்போது ராஜீவ் காந்தி சாலை என வழங்குகின்றது. மென்பொருள் நிறுவனங்களும் கல்லூரிகளும் பல மாநிலத்தாரை இங்கே கொண்டுவந்துள்ளன. ஊர்தியில் செல்வோர்க்கு வழிகாட்டக் கைப்பேசி உண்டு. அது வழியைச் செம்மையாகவே சொல்லும். ஆனால் "யாமும் இவ்வாறு இருந்தோம்" என்று அதனால் சொல்ல முடியாது. நடந்து செல்வோரிடம்தான் அச்சொல் எஞ்சியுள்ளது.

இப்பொழுதும் நாம் கோவளத்துக்கு நடக்கின்றோம். போகும்போது சாலையோரமாகவும், திரும்பும்போது ஊர்த்தெருக்கள் வழியாகவும் வருகின்றோம். பூ விற்கும் அம்மையார் ஒருவரும், வலை சீர்செய்யும் பெரியவர் ஒருவரும், ஒடிசாவிலிருந்து வந்த இரு தம்பிகளும் நமக்குப் பழக்கமாகிவிட்டனர். அவ்விளைஞரை மட்டும் மீண்டும் காணவில்லை. யாரேனும் வழி கேட்டால், "வாருங்கள், நானும் அப்பக்கம்தான்" என்று சொல்லப் பழகியிருக்கின்றோம். முப்பது ஆண்டு பாடஞ்சொல்லிய நூலை நாம் கற்கத் தொடங்கியிருப்பது இப்போதுதான்.