மறைவிடமும் மானமும்: மாப்பசானின் இரு கதைகள்

ஒழுக்கத்தைப் போற்றிப் பேசும் சமுதாயங்கள் யாவும் ஒழுக்கக்கேட்டிற்கென ஓரிடத்தையும் ஒதுக்கியே வந்துள்ளன. அவ்விடம் செல்வோனுக்கு எளிதில் எட்டுவதாக இருத்தல் வேண்டும். அதே வேளையில் ஊரார் கண்ணுக்கு எட்டாததாகவும் இருத்தல் வேண்டும். பொருள் கொடுத்து இன்பம் பெறக் கருதும் ஆடவன் விடுதியொன்றைத் தேர்ந்தெடுக்குங்கால், அறையின் அழகினும் வாயிலின் அடக்கத்தையே முதற்கண் நோக்குகிறான். இம்மறைவு யாரைக் காக்கிறது? அங்கு அழைத்துவரப்படும் பெண்ணையா, வந்து போகும் பெரிய மனிதனையா? இவ்வினாவைக் கதையின் உயிராக்கிக் காட்டியவர் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசான் (1850–1893).

1881இல் வெளிவந்த ‘தெல்லியே இல்லம்’ என்னும் கதையை முதலில் நோக்குவோம். ஃபெகாம் என்னும் துறைமுக நகரில் அமைந்த அவ்வில்லத்திற்கு இரண்டு வாயில்கள். ஒன்று மாலுமிகளும் எளியவர்களும் புகும் கீழ்த்தள மதுக்கடைக்குரியது. மற்றொன்று ஊர்ப் பெரியவர்கள் கூடும் மேல்தளக் கூடத்திற்குரியது. ஐந்து பெண்களுள் மூவர் மேல்தளத்திற்கும் இருவர் கீழ்த்தளத்திற்கும் பிரித்துவிடப்பட்டிருந்தனர். வாயிலில் ஒரு சிறு விளக்கு எரியும். சுவர் மாடங்களில் மாதாவின் திருவுருவ அடியில் எரியும் விளக்கை அது ஒத்திருந்தது என்கிறார் ஆசிரியர். இவ்வொரு சிறு குறிப்பில் கதை முழுவதற்குமான அங்கதம் அடங்கிவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை இரவு அவ்வில்லம் அடைத்துக் கிடக்கிறது. இல்லத்தலைவியின் மருமகள், தொலைவிலுள்ள சிற்றூரில், தேவாலயத்தில் முதன்முறையாகத் திருவிருந்து பெறுகிறாள். அச்சடங்கிற்கு அனைவரும் சென்றுவிட்டனர். முன்னாள் மேயர், மீன் உப்பிடும் வணிகர் முதலான பெரியவர்கள் போக்கிடமின்றித் தெருவில் அலைந்து, அற்பக் காரணத்திற்குத் தம்முள் பூசலிடுகின்றனர். அங்கே சிற்றூர்க் கோயிலிலோ, அப்பெண்களுள் ஒருத்தி தன் இளமைக்கால வழிபாட்டை நினைந்து விம்ம, அவ்வழுகை ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவி ஊரே கண்ணீர் சிந்துகிறது. மதிப்புடையோர் தெருவிலும், மதிப்பிழந்தோர் கோயிலிலும் நிற்கும் இம்முரண், அறிவுரை ஒன்றும் கூறாமலேயே அறிவுறுத்துகிறது.

இக்கதையினும் ஆழமானது, 1880இல் ‘மெதான் மாலைகள்’ என்னும் தொகுப்பில் வெளிவந்த ‘பூல் தெ சுயிஃப்’. ‘கொழுப்புருண்டை’ என்பது அதன் பொருள். இது கதைத்தலைவியின் பருத்த உடலைக் குறித்து ஊரார் இட்ட பட்டப்பெயர். தொகுப்பில் எழுதிய அறுவருள் எமிலி சோலாவும் ஒருவர். மாப்பசானின் ஆசானாகிய ஃபுளோபேர் இக்கதையைப் பெரிதும் போற்றினார்.

1870–71இல் நிகழ்ந்த பிரெஞ்சு–பிரஷ்யப் போரின்போது, பகைவர் வயப்பட்ட ரூவான் நகரிலிருந்து பதின்மர் ஒரு வண்டியில் புறப்படுகின்றனர். மது வணிகர், ஆலை முதலாளி, பிரபு ஆகிய மூவரும் அவர்தம் மனைவியரும், இரு கன்னியாத்திரிகளும், கார்னுதே என்னும் குடியரசுவாதியும், விலைமகள் ஒருத்தியும் அவ்வண்டியில் இருந்தனர். செல்வர்கள் தம் பொருளைக் கருதி ஊரைவிட்டு நீங்குகின்றனர். அவளோ, தன் வீட்டிற்கு வந்த பகைவீரன்மேல் பாய்ந்தமையால் ஊரைவிட்டு ஓட நேர்ந்தவள். முதலில் அவளைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள், பனியில் வண்டி தாமதித்துப் பசி வருத்தியபோது, அவளது உணவுக்கூடையைக் காலி செய்கின்றனர்.

வண்டி தோத் என்னும் ஊரின் விடுதியை அடைகிறது. அங்கிருந்த பிரஷ்ய அதிகாரி, அவள் தன் விருப்பத்திற்கு இணங்கினாலன்றி வண்டி புறப்படாது என்று தடை விதிக்கிறான். அவள் மறுக்கிறாள். முதலில் அனைவரும் அதிகாரியைச் சினந்து பேசுகின்றனர். நாள் செல்லச் செல்ல, அச்சினம் அவள்மீதே திரும்புகிறது. வரலாற்று வீராங்கனையரின் கதைகள் எடுத்துரைக்கப்படுகின்றன. நோக்கம் தூயதாயின் செயலின் குற்றம் நீங்கும் என்று முதிய கன்னியாத்திரியே சான்று பகர்கிறாள். பிரபு தாமே நயந்து பேசி அவளைக் கரைக்கிறார். இறுதியில் அவள் இணங்குகிறாள். அவ்விரவு கீழே மது பொங்குகிறது. மேல்மாடியைச் சுட்டிக் கேலி பேசப்படுகிறது.

விடுதியைக் கையாண்ட திறமே இக்கதையின் சிறப்பு எனலாம். அது வணிகர்கள் தங்கும் மதிப்புமிக்க விடுதி, பழிபட்ட இடமன்று. ஆயினும் விடுதிக்காரர் அதிகாரியின் கேள்வியை நாள்தோறும் அவளிடம் கொண்டுவரும் தூதராகிறார். விருந்தினர் அனைவரும் தரகராகின்றனர். முன்னொரு இரவில், கார்னுதே அவளை இடைகழியில் நெருங்கியபோது, பகைவர் தங்கிய கூரையின்கீழ் அது மானக்கேடு என்று அவள் விலக்கினாள். மது வணிகர் அதனைச் சாவித்துளை வழியே கண்டு சுவைத்தார். எந்த வேளையில், எவ்விடத்தில் மறுப்பது என்னும் மானவுணர்வு அவளிடம் இருந்தது. பூட்டிய கதவுகளின் பின் நின்ற பெரியவர்களிடம் அது இல்லை. தாம் அவளை விற்றதைத் தம்மிடமிருந்தே மறைத்துக்கொள்ளத்தான் அவர்களுக்கு மறைவிடம் தேவைப்பட்டது.

நம் சிலப்பதிகாரத்தில் மாதவியின் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு மாலை, செல்வ இளைஞர் உலவும் தெருவில் கூனியால் வெளிப்படையாக விலைகூறப்பட்டது. கோவலன் அதனை வாங்கி அவள் மனை புகுந்தான். புகாரில் விலை தெருவில் கூறப்பட்டது. தோத்தில் அது தியாகம், நாட்டுப்பற்று என்னும் சொற்களுள் ஒளிக்கப்பட்டது. இரண்டனுள் எது இழிந்தது என மாணவர் சிந்தித்தல் நன்று.

இக்கதைகளில் குறையும் உண்டு. தலைவியின் உடலை ஆசிரியர் கனியாகவும் தின்பண்டமாகவும் வருணிக்குமிடத்து, வாங்குவோன் பார்வை எழுத்தாளரின் பார்வையிலும் கலந்துவிடுகிறது. அவளது கூடையிலுள்ள உணவைப் போல் அவளும் உண்ணப்படுகிறாள் என்னும் உருவகத்திற்கு அது துணைபுரியினும், அவள் மனத்தினுள் நாம் நெடுநேரம் நிற்க இயலவில்லை. தெல்லியே இல்லத்துப் பெண்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர் என்பதைப் பற்றியும் ஆசிரியர் ஆழ்ந்து கேட்கவில்லை. நகைச்சுவையின் இனிமை அவ்வினாவை மூடிவிடுகிறது. பிரான்சில் அத்தகைய இல்லங்கள் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூடப்பட்டன. வாயில்கள் அடைபட்டன, மறைவைத் தேடும் மனம் அடைபட்டதா என்பது வேறு வினா.

‘பூல் தெ சுயிஃப்’ முடிவு, படிப்போர் நெஞ்சை விட்டகலாதது. மறுநாள் காலை அனைவரும் தத்தம் உணவை உண்கின்றனர். அவசரத்தில் ஒன்றும் எடுத்துவராத அவளுக்கு ஒருவரும் ஒரு கவளமும் தரவில்லை. அச்செயலை இழிவென்று முன்னிரவில் கடிந்த கார்னுதேயும், தான் கொணர்ந்த முட்டைகளை உண்டபின், நாட்டுப்பண்ணைச் சீழ்க்கையடித்துக்கொண்டு வருகிறான். இருட்டில் அவள் அழுகிறாள். தடுக்காமல் கண்டிப்பவனும் அக்குற்றத்தில் பங்காளியே என்பதை இதனினும் தெளிவாகக் கூறுதல் அரிது.

பொருள் கூசத்தக்கது என்பதற்காக இத்தகைய கதைகளை வகுப்பறையிலிருந்து விலக்கிவிடும் வழக்கம் உண்டு. வள்ளுவரே ‘வரைவின் மகளிர்’ என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. மேல்வகுப்பு மாணவர்க்கும் பயிற்சி ஆசிரியர்க்கும் இக்கதைகளைக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். ஆயின், “அவள் செய்தது சரியா?” என்னும் வினாவோடு பாடம் முடிந்துவிடுமாயின், ஆசிரியரும் அவ்வண்டியில் ஓர் இருக்கை பிடித்தவராவார். “அவளை அங்கு அனுப்பியவர் யார்? அவளுக்குப் பசித்தபோது உணவு தராதவர் யார்?” என்று மாணவர் கேட்கத் தொடங்கும்போதே இலக்கியக் கல்வி தன் பயனை எய்துகிறது.