கோலமும் விலையும்: வில்லியம் மொறிஸின் கம்பனி பற்றிய ஒரு மதிப்பீடு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தைக் கற்போர் வில்லியம் மொறிஸைக் (1834–1896) கவிஞராக அறிவர். சமதர்ம இயக்கத்தின் வரலாற்றைக் கற்போர் அவரை மேடைப் பேச்சாளராகவும் பத்திரிகையாசிரியராகவும் அறிவர். இவ்விரு சாராரும் போகிற போக்கிலே குறிப்பிட்டுவிட்டுச் செல்லும் மூன்றாவது மொறிஸ் ஒருவர் உளர். அவர் சுவர்த்தாளும் சீத்தைத் துணியும் கம்பளமும் விற்று வாழ்ந்த வணிகர். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் நடத்திய கம்பனி, அவர் மறைந்த பின்னரும் நாற்பத்துநான்கு ஆண்டுகள் நிலைத்து 1940இலேயே மூடப்பட்டது. கலைஞர்கள் கூடித் தொடங்கிய தொழில்களுள் இத்துணை நீண்ட ஆயுள் பெற்றவை மிகச் சில.

இவ்வணிகம் பற்றி இருவகை விமரிசனங்கள் வழக்கிலுள்ளன. ஏழைகளின் விடுதலையைப் பேசியவர் செல்வர் மாளிகைகளை அலங்கரித்தது போலித்தனம் என்பது ஒன்று. செல்வக் குடியிற் பிறந்தவரின் பொழுதுபோக்கே அக்கம்பனி, அதனைத் தொழிலெனக் கொள்ளலாகாது என்பது மற்றொன்று. இரண்டும் மொறிஸ் என்னும் தனிமனிதரின் குணத்தை ஆராய்கின்றனவேயன்றி, அவருடைய கம்பனி எவ்வாறு இயங்கிற்று என்பதை ஆராய்வனவல்ல. அதன் இயக்கத்தை நோக்குமிடத்து, அவருடைய முரண்பாடு குணத்தில் அன்று, பொருளின் விலையில் இருந்தமை புலனாகும்.

முதலில் மூலதனத்தை நோக்கலாம். மொறிஸின் தந்தையார் இலண்டனில் தரகுத் தொழில் செய்தவர். டெவன் மாவட்டத்துச் செப்புச் சுரங்கமொன்றில் அவர் வாங்கிய பங்குகள் பெருஞ் செல்வமாயின. ஒக்ஸ்போட்டிற் கற்ற மகனுக்கு இருபத்தொரு வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 பவுண் வருமானம் கிடைத்தது. அவர் 1860இல் மனைவியுடன் குடிபுகுந்த ‘செவ்வில்லம்’ நண்பர் பிலிப் வெப் வரைந்த வீடு. அதற்கேற்ற தளபாடமோ திரைச்சீலையோ கடைகளில் இல்லையெனக் கண்ட நண்பர்கள் தாமே அவற்றை ஆக்கினர். அவ்வனுபவத்திலிருந்தே 1861இல் ‘மொறிஸ், மார்ஷல், போக்னர் கம்பனி’ பிறந்தது. றொசெற்றி, பேர்ண்-ஜோன்ஸ், மடொக்ஸ் பிறவுண், வெப் உட்படப் பங்காளிகள் எழுவர். ஆளுக்கு ஒரு பவுண் பங்கும், மொறிஸின் தாயார் கொடுத்த நூறு பவுண் கடனுமே தொடக்க முதல். ஆயின் கணக்கில் எழுதப்படாத உண்மையான முதல், சுரங்கத் தொழிலாளர் உழைப்பில் வந்த அந்த ஆண்டு வருமானமேயாகும். இதனை மறைத்து எழுதப்படும் ‘கலைஞனின் துணிவு’ பற்றிய கதைகள் அரை உண்மைகளே.

தொடக்கத்திற் கம்பனியைத் தாங்கியது வீட்டு அலங்காரமன்று, கோவிலாகும். கொதிக் கட்டடப் பாணிக்குப் புத்துயிரளிக்கும் ஆர்வம் மேலோங்கியிருந்த அக்காலத்திற் புதிய தேவாலயங்கள் பல எழுந்தன, பழையன திருத்தப்பட்டன. அவற்றுக்கு வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வேண்டியிருந்தன. தேவையொன்று சமூகத்தில் முன்னரே இருந்தமையாற் கலைத்திறன் அதனைச் சென்றடைந்தது. தேவையே இல்லாதவிடத்துத் திறனால் மட்டும் சந்தையைத் தோற்றுவித்தல் அரிது என்பதற்கு இது முதற் சான்று.

எனினும் வேலை வருவதும் வணிகம் நிலைப்பதும் ஒன்றல்ல. நண்பர்களின் உற்சாகம் கணக்கை மறந்தது. எப்பொருளுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதைச் சீராக எழுதிவைப்பார் இலர். 1865இல் முகாமையாளராக வந்த வாறிங்ரன் ரெயிலர் இந்நிலையை மாற்ற முயன்றார். அவர் வறுமையுற்று இசைநாடக அரங்கொன்றின் வாயிலில் அனுமதிச்சீட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், காசநோயாளர். வேலைகளுக்குக் குறைந்த விலை கூறுவதையும், மொறிஸின் சொந்தச் செலவையும் அவர் தயக்கமின்றிக் கண்டித்தார். நோய் முற்றி இலண்டனை விட்டு நீங்கிய பின்னரும் கடிதமூலம் அதனையே செய்தார். 1870இல் அவர் இறந்தார். கலை வரலாறுகளில் அவர் பெயர் அரிதாகவே காணப்படும். ஆனால் அவர் கற்பித்த ஒழுங்கு இல்லாதிருந்தால் அவ்வரலாறுகள் எழுதுவதற்குக் கம்பனியே எஞ்சியிராது எனலாம்.

அடுத்ததாக நோக்கத்தக்கது சுவர்த்தாள். செவ்வில்லத் தோட்டத்து ரோசாக் கொடிகள் படர்ந்த சட்டங்களை நினைவூட்டும் ‘கொடிப்பந்தர்’ என்னும் கோலத்தை மொறிஸ் 1862இல் வரைந்தார். அதிலுள்ள பறவைகளை வெப் வரைந்தார். நாகத் தகடுகளிற் செதுக்கித் தாமே அச்சிட மொறிஸ் முயன்றார், முயற்சி பயன்தரவில்லை. பின்னர் இலண்டன் இஸ்லிங்ரனிலிருந்த ஜெவ்றி கம்பனியிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் மரக்கட்டைகளிற் கோலத்தைச் செதுக்கி, நிறத்துக்கொரு கட்டையாகக் கையால் ஒற்றி அச்சிட்டனர். இத்தோல்வியும் ஒப்படைப்புமே வணிகத்தின் திருப்புமுனை. சாளரமொன்றைச் செய்தால் ஒருமுறைதான் விற்கலாம். அடுத்ததற்கு மீண்டும் அதேயளவு உழைப்பு வேண்டும். சுவர்த்தாட் கோலமோ ஒருமுறை வரையப்பட்டுக் கட்டையிற் செதுக்கப்பட்டபின் எத்தனை சுவர்களுக்கும் போதும். கற்பனைக்குச் செலவான நாட்கள் ஒவ்வொரு சுருளின் விலையிலும் சிறிது சிறிதாக மீளும். இவ்வாறு கோலம் என்பது ஓவியனின் கையை விட்டு நீங்கிக் கம்பனியின் சொத்தாயிற்று. மொறிஸ் வரைந்த சுவர்த்தாட் கோலங்கள் ஏறத்தாழ ஐம்பது. பெருமைக்குரியனவாகப் பேசப்படும் கைநெசவுச் சித்திரத் திரைச்சீலைகளைவிட இவையே கம்பனிக்கு உறுதியான அடித்தளமாயின.

1870களிற் செப்புச் சுரங்க வருமானம் வற்றியது. அதுவரை ஆதரவாயிருந்த கம்பனி வாழ்வாதாரமாக மாற வேண்டிய நிலை தோன்றியது. 1875இற் பழைய கூட்டு கலைக்கப்பட்டு, மொறிஸை மட்டும் உரிமையாளராகக் கொண்ட ‘மொறிஸ் கம்பனி’ அமைந்தது. றொசெற்றி, பிறவுண், மார்ஷல் ஆகிய மூவரும் தம் பங்குக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண் பெற்று விலகினர். ஏனையோர் உரிமை கோரவில்லை. நட்பு முறிந்தது. ஒரு பவுண் பங்கிட்டவர்கள் ஆயிரம் கோரினர் எனப் பலர் அவர்களைக் குறைகூறியுள்ளனர். ஆனால் அவர்களும் கோலங்களை வரைந்தவர்களே. கற்பனையின் பெறுமதியை எவ்வாறு அளப்பது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுக்காத கூட்டு முயற்சிகள் அனைத்தையும் எதிர்கொள்ளும் வழக்கே இது. அதே ஆண்டில் மொறிஸ் சுரங்கக் கம்பனியின் பணிப்பாளர் பதவியையும் துறந்தார். அதன்பின் அவர் உண்டது பெரும்பாலும் கோலத்தின் வருவாயையே.

இக்கட்டத்தில் அவர் மேற்கொண்ட தெரிவு மனங்கொள்ளத்தக்கது. வருமானம் அருகிய வணிகர் மலிவான மூலப்பொருளை நாடுவது இயல்பு. 1856இற் பேர்க்கின் முதற் செயற்கைச் சாயத்தைக் கண்டபின் அனிலீன் சாயங்கள் துணித்தொழிலை ஆட்கொண்டிருந்தன. அவற்றின் பகட்டான நிறமும் விரைவில் மங்கும் தன்மையும் மொறிஸுக்கு ஒவ்வாதனவாயின. அவர் வடக்கே லீக் நகரிற் சாயத்தொழில் நடத்திய தோமஸ் வாடிலிடம் சென்று, அவுரி, மஞ்சிட்டி முதலிய தாவரச் சாயங்களை மீண்டும் பயன்படுத்தும் முறையை அவருடன் சேர்ந்து ஆராய்ந்தார். நாற்பது வயது கடந்த கவிஞர் சாயத் தொட்டியில் முழங்கைவரை நீலமாகி நின்றார். 1881இல் இலண்டனுக்குத் தெற்கே மேர்ட்டன் அபியில், வொண்டில் ஆற்றங்கரையில் ஏழு ஏக்கர் நிலத்திலிருந்த பழைய துணித்தொழிற் கூடங்களை வாடகைக்குப் பெற்றார். ஆற்று நீர் துணி அலசுவதற்கு உகந்ததாயிருந்தது. துணி முழுவதையும் அவுரியில் தோய்த்து, வேண்டிய இடங்களில் நீலத்தை வெளிற்றி, அங்கே பிற நிறங்களை ஏற்றும் கடினமான முறை அங்கு கைகூடியது. 1883இல் வெளிவந்து சட்டப்படி பதிவுசெய்யப்பட்ட ‘செம்புற்றுப்பழத் திருடன்’ என்னும் சீத்தைத் துணி அம்முறையின் சிறந்த விளைவு. பழந்திருடும் பறவைகளின் அழகு பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அக்கோலத்தைப் பிறர் எளிதிற் போலிசெய்ய முடியாதிருந்தமைக்குக் காரணம் அழகு மட்டுமன்று, சாயத்தொட்டியில் உழைத்துப் பெற்ற அறிவும் பதிவுச் சட்டமும் என்பதும் எழுதப்பட வேண்டியது.

விற்பனையிலும் தெளிந்த நோக்கிருந்தது. 1877இல் ஒக்ஸ்போட் வீதியிற் காட்சியறை திறக்கப்பட்டது. மாளிகைக்குரிய கம்பளத்தோடு, நாணற்புல் வேய்ந்த எளிய சசெக்ஸ் நாற்காலியும் விற்கப்பட்டது. சித்திரத் திரைச்சீலை வாங்க இயலாதவர் சில சுருள் சுவர்த்தாளாவது வாங்கலாம். ஆயினும் அச்சில சுருள்களும் நடுத்தர வகுப்பின் எல்லையைத் தாண்டிக் கீழே செல்லவில்லை.

இவ்விடத்திலேயே மையமான முரண்பாடு வெளிப்படுகிறது. 1853இல் வெளிவந்த ‘வெனிஸ் நகரக் கற்கள்’ நூலின் இரண்டாம் பாகத்திற் கொதிக் கலையின் இயல்பு பற்றி றஸ்கின் எழுதிய இயல் மொறிஸின் சிந்தனைக்கு வித்து. உழைப்பவன் தன் வேலையில் மகிழ்ச்சியும் சிந்தனைச் சுதந்திரமும் பெறாதவிடத்து உண்மையான கலை இல்லை என்பது அதன் சாரம். அம்மகிழ்ச்சிக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குக் கூலி வேண்டும். கூலி விலையிற் சேரும். நன்கு நடத்தப்படும் தொழிலாளி ஆக்கிய பொருளை அவனைப் போன்ற இன்னொரு தொழிலாளி வாங்க இயலாது. கம்பனி எவ்வளவுக்கு நேர்மையாக நடந்ததோ அவ்வளவுக்கு அதன் வாடிக்கையாளர் செல்வராயினர். இதனைப் போலித்தனம் என்பது சந்தையின் விதியை ஒருவரின் ஒழுக்கக் குறையாகக் காண்பதாகும்.

ஆனால் மொறிஸ் மீது சுமத்தத்தக்க வேறொரு குறை உண்டு. தம் கம்பனியை வாழவைத்தது எது என்பதை அவர் தம் சொற்பொழிவுகளில் நேராக எதிர்கொண்டிலர். வரைபவனும் செய்பவனும் ஒருவனாதல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கம்பனியை நிலைநிறுத்திய சுவர்த்தாளிலோ வரைந்தவர் மொறிஸ். செதுக்கியவரும் ஒற்றியவரும் பிறிதொரு கம்பனியின் பெயரறியாத தொழிலாளர். இட்ட கோட்டிலிருந்து விலகும் சுதந்திரம் அவர்களுக்கில்லை. அதாவது, அவர் எதிர்த்த தொழிற்பிரிவினையே அவருடைய எதிர்ப்புக்குச் சோறிட்டது. இதற்கு மாறான சான்றும் கம்பனிக்குள்ளேயே உண்டு. 1878இற் காட்சியறை உதவியாளராகச் சேர்ந்த ஜோன் ஹென்றி டேர்ள், திரைச்சீலை நெசவு பயின்று, கோலம் வரையக் கற்று, மொறிஸின் மறைவுக்குப்பின் கலைப் பொறுப்பையே ஏற்றார். செய்பவன் வரைபவனாக உயர்தல் இயலும் என்பதையும், அவ்வுயர்ச்சி கம்பனிக்கு நீண்ட ஆயுள் தந்தது என்பதையும் அவர் வாழ்வு காட்டும். ஆனால் டேர்ள்கள் பலர் தோன்றவில்லை.

1883இற் சமதர்ம இயக்கத்திற் சேர்ந்த மொறிஸ், இலாபம் முழுவதையும் தொழிலாளருக்குப் பங்கிடலாகாதா என்ற வினாவுக்கு 1884இல் எழுதிய கடிதமொன்றிற் கணக்குப் பார்த்தார். தாம் எளிய வாழ்வுக்குப் போதியதை மட்டும் எடுத்துக்கொண்டு எஞ்சியதை நூறு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஆண்டொன்றுக்குப் பதினாறு பவுண் அளவே சேரும் எனக் கண்டார். அது வறியவர்க்கு நன்மையே. ஆயின் தொழிலாளி தொழிலாளியாகவே இருப்பான், சந்தை சந்தையாகவே இருக்கும் என்பது அவர் முடிவு. அம்முடிவு அவருக்கு வசதியானதுமாகும் என்பதை மறுத்தல் இயலாது. எனினும் அவருடைய வழியைப் பின்பற்றி மேலும் ஒருபடி சென்ற ஆஷ்பியின் கைவினைச் சங்கத்தின் வரலாறு அதற்கு அரண் செய்கின்றது. 1888இற் கிழக்கு இலண்டனில் தோன்றிய அச்சங்கம் தொழிலாளருக்கு நிருவாகத்திற் பங்களித்தது. 1902இற் சிப்பிங் கம்டன் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தது. இலண்டன் வாடிக்கையாளர் தூரமாயினர். அதேபோன்ற வெள்ளிப் பொருட்களைப் பெருங்கடைகள் இயந்திரத்தின் துணையால் மலிவாக விற்றன. 1908 அளவிற் சங்கம் கலைந்தது.

அவ்வூருக்கு அருகே அப்பொழுது வாழ்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. ஈழத்துக் கைவினைகளை ஆராய்ந்து அவர் எழுதிய ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் வெளியாயிற்று. மொறிஸ் தம் இறுதி ஆண்டுகளில் நிறுவிய கெல்ம்ஸ்கொற் அச்சகத்தில் 1896இற் சோசரின் படைப்புக்களை அச்சிட்ட அதே பொறியிலேயே அந்நூலும் அச்சாயிற்று. சோசர் நூலின் கடதாசிப் பிரதிகள் 425. குமாரசுவாமியின் நூலும் 425 பிரதிகளே. சிற்றாசாரியாரின் வாழ்வைப் பற்றிய நூல் சிற்றாசாரியாரை எட்டாத எண்ணிக்கையில் வந்தமை மொறிஸ் விட்டுச்சென்ற முரண்பாட்டின் தொடர்ச்சியே.

ஆயினும் அந்நூல் மொறிஸ் காணாத ஒன்றைக் காட்டியது. கண்டி அரசிற் கைவினைஞர் வாழ்ந்தது பொருளின் விலையாலன்று. சேவைக்கீடாகப் பெற்ற நிலத்தால். வயல் சோறிட்டமையால் அவர்களின் நேரத்தை எவரும் நாழிகைக் கணக்கில் விலைபேசவில்லை. அதற்கு விலையாக அவர்கள் சாதிக்கும் அரசனுக்கும் கட்டுண்டிருந்தனர் என்பதைக் குமாரசுவாமியின் வியப்பு ஓரளவு மறைத்துவிடுகிறது. 1832இல் அரசுக்கான இராசகாரியம் ஒழிந்தபொழுது அக்கட்டு தளர்ந்தது. அதனோடு அரச ஆதரவும் அகன்றது. எஞ்சியது சந்தை.

ஆகவே, கற்பனைத் திறன் தொழிலாக நிலைப்பதற்கு மொறிஸின் வரலாறு தரும் பாடங்கள் தெளிவானவை: முன்னரே உள்ள தேவை, திரும்பத் திரும்பப் பயன்படும் கோலம், மூலப்பொருளைப் பற்றிய சொந்த அறிவு, கணக்கைக் கூசாது எடுத்துரைக்கும் ஒரு ரெயிலர். இவை இருப்பின் கலைஞன் பட்டினியின்றி வாழலாம். ஆனால் அவன் ஆக்கும் அழகு யாருடைய வீட்டைச் சென்றடையும் என்பதை இவற்றுள் எதுவும் தீர்மானிக்கவில்லை. அதனைத் தீர்மானிப்பது வாங்குவோரின் கூலி. மொறிஸ் பகலிற் சாயத்தொட்டியருகிலும் மாலையில் தெருமுனைக் கூட்டத்திலும் நின்றமை இரு வேறு வாழ்க்கைகளல்ல. தொட்டியருகே தீராத கணக்கொன்றைத் தீர்க்கவே அவர் தெருமுனைக்குச் சென்றார் என்று கொள்ளுதல் பொருந்தும்.