கலை விளையாட்டு காசு பார்க்குமா? ‘ஜர்னி’யும் ‘வெண்பா’வும்

காணொளி விளையாட்டு என்றாலே துப்பாக்கிச் சண்டை, கார் பந்தயம் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. சிறுகதை போல, கவிதை போல மனத்தில் நிற்கும் விளையாட்டுகளும் உண்டு. “அதெல்லாம் சரி, விற்குமா?” என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. இரண்டு விளையாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, 2012 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3-க்கு வெளிவந்த ‘ஜர்னி’. சோனியின் ஆதரவோடு ‘தட்கேம்கம்பெனி’ என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. ஒரு பாலைவனம், தூரத்தில் ஒரு மலை, அங்கி அணிந்த ஓர் உருவம். வசனமே கிடையாது. வழியில் முன்பின் தெரியாத இன்னோர் ஆட்டக்காரர் இணையம்வழி வந்து சேர்வார். அவரோடு பேச முடியாது, ஒலியெழுப்பிக் கூப்பிட மட்டும் முடியும். பிளேஸ்டேஷன் இணையக் கடையில் அதுவரை காணாத வேகத்தில் இது விற்றது. இசைக்குக் கிராமி பரிந்துரையும் கிடைத்தது. ஆனால், ஓராண்டில் முடிக்க நினைத்த வேலை மூன்றாண்டு இழுத்துவிட்டது. விளையாட்டு முடிவதற்குள் நிறுவனத்தின் கையிருப்பு கரைந்துபோனது. பேரும் புகழும் வந்தன, கல்லா மட்டும் காலி!

அதே நிறுவனம் 2019-இல் ‘ஸ்கை’ என்ற விளையாட்டைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. விளையாட இலவசம், உடை, அலங்காரம் போன்றவற்றுக்குத்தான் காசு. பிழைக்கும் வழிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும், ‘ஜர்னி’யின் அமைதிக்குள் ஒரு கடைத்தெரு புகுந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

இரண்டாவது நம் வீட்டுக் கதை. கனடாவின் ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலை 31-இல் வெளியிட்ட ‘வெண்பா’. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். பெயர்களைப் பார்த்தாலே தமிழாசிரியருக்கு மனம் குளிரும். அம்மா கொடுத்த சமையல் ஏட்டில் பல வரிகள் அழிந்துபோயிருக்கும். விட்டுப்போன படியை நாமே யோசித்து இட்லி, புட்டு செய்ய வேண்டும். பிற்பகுதியில் நாம் கவினாக மாறி, அரைகுறைத் தமிழோடு அதே ஏட்டைப் படிக்கத் தடுமாறுகிறோம். மொழி கைநழுவிப் போவதை இதைவிட நன்றாக ஒரு கட்டுரையில் சொல்லிவிட முடியாது. குறையும் உண்டு. காலம் தாவித் தாவிப் போவதால் பாவலன் நம் மனத்தில் முழுதாகப் பதிவதில்லை.

விளையாடி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சிக்கலும் அங்கேதான். ‘ஸ்டீம்’ கடையில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முழுக்கதையையும் முடித்துவிட்டே கேட்கலாம்! அப்படியும் ‘வெண்பா’ தலைநிமிர்ந்தது. சிறிய குழு, சில அறைகள், அளவான கதை. வெளியான அன்றே ‘கேம் பாஸ்’ சந்தா சேவையிலும் இடம்பெற்றதால், தனித்தனியாக வாங்குவோரை மட்டும் நம்பியிருக்கவில்லை. 2024-இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது.

ஆக, கலை விற்காது என்பது சரியில்லை. ‘ஜர்னி’யே விற்றதே! விரலுக்கேத்த வீக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விளையாட்டு உருவாக்கும் ஆசையோடு வரும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் நாம் சொல்ல வேண்டியதும் இதுதான்: உன் வீட்டுக் கதையைச் சொல், ஆனால் உன்னால் முடிக்கக்கூடிய அளவில் சொல்.

சக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ‘வெண்பா’வைக் காட்ட விரும்பினால், முழு ஆட்டத்தையும் பதிவேற்றிய யூடியூப் காணொளியை ஓடவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். கதை தெரிந்துவிடும், ஆனால், அழிந்த வரியைத் தானே யோசித்து நிரப்பும் அனுபவம் மாணவருக்குக் கிடைக்காது. உழைத்தவர்களுக்கும் ஒரு காசு போய்ச் சேராது. ஒரு பிரதி வாங்குங்கள், மாணவர்களை மாறி மாறி விளையாட விடுங்கள். தமிழில் இன்னொரு ‘வெண்பா’ வர வேண்டுமென்றால் முதலில் வாங்க வேண்டியவர்கள் நாம்தானே?