மூச்சேறிய நான்கு எழுத்துகள்

மதுரைக்காரர் காதில் அன்றாடம் விழுந்தும் கவனத்துக்கு வராத ஒலிகள் நான்கு உண்டு. சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே விளக்குத்தூண், பந்தடித் தெருக்கள், மகால் பக்கம் போனால், ஜவுளிக்கடைத் திண்ணைகளில் புழங்கும் சௌராஷ்டிரப் பேச்சில் அவை இருக்கின்றன. மூச்சேறிய ம, ந, ர, ல.

வல்லினத்தில் மூச்சேறுவதை வடமொழிச் சொற்கள் நமக்குப் பழக்கிவிட்டன. மெல்லினமும் இடையினமும் மூச்சு வாங்குவதுதான் அருமை. மராத்தியில் கொஞ்சம் கேட்கலாம். தமிழில் இல்லவே இல்லை. அதனால்தான் நூற்றாண்டுகளாக அடுத்த வீட்டில் ஒலித்தும் நம் காது அதை வெறும் ம, ந என்றே எடுத்துக்கொள்கிறது.

சிறியதைச் சொல்லும் 'ந:ன்னொ' என்ற சொல்லைக் கேளுங்கள். நாக்கு மேற்பல்லின் பின்னால் ஒட்டியிருக்க, குரல் மூக்கு வழியே வருகிறது. அது விடுபடும் கணத்தில் தொண்டையின் இறுக்கம் சற்றே தளர்ந்து, குரலோடு கொஞ்சம் மூச்சும் கசிகிறது. 'ந' முடிந்து 'ஹ' தொடங்குவதாக எண்ணி இரண்டாக உச்சரித்தால் சொல் கெட்டுவிடும். இரண்டும் ஒரே ஒலி. அந்த மூச்சு அடுத்து வரும் அகரத்தின் தொடக்கத்திலும் படிந்து, பிறகு மெல்லத் தெளிகிறது. சுங்குடிச் சேலையில் முடிச்சவிழ்ந்த புள்ளியின் ஓரத்தில் சாயம் லேசாகப் பரவியிருக்குமே, அப்படி. 'ர'வில் இது இன்னும் நுட்பம். நாக்கு நுனி ஒருமுறை தட்டிவிட்டு விலகும் அந்தச் சிறு பொழுதுக்குள் மூச்சும் நுழைந்தாக வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்டு வளராதவர்களுக்கு எளிதில் கைவராது.

இந்த நான்குக்காகவே சௌராஷ்டிர எழுத்தில் 'ஹாரு' என்றொரு குறி இருக்கிறது. புதிதாக நான்கு எழுத்துகளைப் படைக்காமல், இருக்கும் எழுத்துக்கு வலப்பக்கம் ஒரு குறியைச் சேர்த்துவிட்டார்கள். மூச்சு தனி எழுத்தல்ல, எழுத்தின் மேல் ஏறுவது என்ற புரிதல் அந்தக் குறியிலேயே இருக்கிறது. எனக்கு இதில் அலாதியான மகிழ்ச்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டி. எம். ராமராய் இந்த எழுத்தைச் சீர்திருத்தி அச்சேற வழி செய்தார். 2008இல் யூனிகோடில் சௌராஷ்டிரம் சேர்ந்தபோது ஹாருவுக்கும் தனி இடம் கிடைத்தது.

தமிழ் எழுத்தில் சௌராஷ்டிரம் எழுதுகிறவர்கள் மேலே பார்த்தபடி முக்காற்புள்ளி வைக்கிறார்கள். வல்லினத்துக்கு 2, 3, 4 என்று சிறு எண்கள். இந்த நான்குக்கு மட்டும் இரு புள்ளிகள். மெக்சிகோ மலைகளில் வாழும் உவிச்சோல் மக்களும் இப்படியொன்று செய்திருக்கிறார்கள். அவர்கள் மொழியில் உயிர் ஐந்து. ஒகரம் இல்லை, உதடு குவியாத ஓர் உயிர் இருக்கிறது, நம் குற்றியலுகரத்துக்கு ஏறத்தாழப் பக்கத்தில். ரோமன் எழுத்தில் அதற்கு இடமில்லாததால் கூட்டல் குறியையே உயிரெழுத்தாக எழுதும் வழக்கம் அங்கே உண்டு. எண்ணுக்கும் கணக்குக்கும் வைத்த குறிகளை உயிருள்ள ஒலிக்குக் கொடுத்த இந்த இரு கூட்டத்தாரையும் அருகருகே வைத்துப் பார்க்கப் பிடிக்கிறது.

வடக்கிலிருந்து தெற்கே வந்த சௌராஷ்டிரம் இங்கிருந்தும் சிலவற்றை எடுத்துக்கொண்டது. குறில் எகரமும் ஒகரமும் வடக்கத்தி மொழிகளில் பெரும்பாலும் தனியெழுத்தாக நிற்பதில்லை. சௌராஷ்டிர எழுத்தில் இரண்டும் நெடிலிலிருந்து பிரிந்து தனியே நிற்கின்றன, தமிழில் போலவே.

மதுரையில் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகளின் (1843–1914) சௌராஷ்டிரக் கீர்த்தனைகளை பஜனையில் கேட்டால் இந்த மூச்சு இன்னும் துலக்கமாகத் தெரியும். பேச்சில் நொடிக்குள் ஓடி மறைவது, பாட்டில் சொல் நீளும்போது நின்று காது கொடுக்க இடம் தருகிறது.

2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். போனில் தமிழெழுத்தில் அவசரமாகத் தட்டும்போது அந்த இரு புள்ளிகள்தான் முதலில் விடுபடும். வாய் இன்னும் விடவில்லை. எழுதுகிறவர்களும் விடாமல் வைக்க வேண்டும்.