போக ஒரு கப்பல், வர ஒரு கப்பல்

அந்தமானுக்கு விமானத்தில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது. சென்னையில் ஏறி, ஒரு சினிமா முடிகிற நேரத்தில் போர்ட் பிளேரில் இறங்கிவிடுகிறார்கள். நடுவில் ஒரு வங்கக் கடலே கிடக்கிறது, அது முழுசாக அவர்கள் கைநழுவிப் போய்விடுகிறது! யாராவது என்னிடம் அந்தமான் என்று வாயெடுத்தால் போதும், உட்கார வைத்துச் சொல்லிவிடுவேன்: சென்னையிலிருந்து கப்பலில் போங்கள், தீவில் ஆற அமர இருங்கள், வேறொரு கப்பலில் கொல்கத்தாவுக்குத் திரும்புங்கள். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது பயணம்.

தேனிப் பக்கம் வடுகபட்டியில் பூண்டு கமிஷன் மண்டி வைத்திருப்பவனுக்குக் கடல் எங்கிருந்து பிடித்தது என்று கேட்பார்கள். எங்களுக்கு வடக்கே நிமிர்ந்தால் கொடைக்கானல் மலை; தண்ணீர் என்றால் வராக நதியும் வைகை அணையும். மலைப்பூண்டு அந்த மலையிலிருந்துதான் எங்கள் சந்தைக்கு இறங்கும். சந்தை இல்லாத நாட்களில் நான் கப்பல்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருப்பேன். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு ‘குயின் மேரி 2’ ஏழு இரவுகளில் அட்லாண்டிக்கைக் கடக்கிறது. வசந்தத்தில் கரீபியன் கடலைவிட்டு ஐரோப்பாவுக்கு இடம் மாறும் கப்பல் ஒன்றில் ஏறி, அங்கே சில வாரங்கள் தங்கி, இன்னொரு கப்பலில் மறுபடி அட்லாண்டிக்கைக் கடந்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. போகும்போதும் கடல், வரும்போதும் கடல், நடுவில் கரை! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அதே அமைப்பு நம் கிழக்குக் கரையிலேயே இருக்கிறது என்று தெரிந்தபோது சந்தோஷம் தாங்கவில்லை.

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தும் போர்ட் பிளேருக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகிறது. (2024இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள், கப்பலில் எல்லோரும் இன்னும் போர்ட் பிளேர் என்றுதான் சொல்கிறார்கள்.) ஏறத்தாழ சென்னையிலிருந்து 60 மணி நேரம், கொல்கத்தாவிலிருந்து 66, விசாகப்பட்டினத்திலிருந்து 56. சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் பொதுவாக மாதத்துக்கு மூன்று நான்கு தடவை, விசாகப்பட்டினத்திலிருந்து மாதம் ஒரு தடவை. ‘நான்கௌரி’, ‘சுவராஜ் தீப்’ மாதிரியான கப்பல்களில் 1,200 பேர் வரை போகலாம்.

திட்டம் போடுவதே பாதி இன்பம். நான் முதலில் பார்ப்பது திரும்பும் கப்பலை. கொல்கத்தாவுக்கு எந்தத் தேதியில் கப்பல் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவேன். தீவுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்கிவிட்டு, அதற்கு முன்னால் போய்ச் சேர்கிற சென்னைக் கப்பலைப் பிடிப்பேன். அட்டவணையைத் தீவு நிர்வாகத்தின் கப்பல் துறை வெளியிடும். வானிலையாலோ பழுதுபார்ப்பாலோ தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போகும். அதனால் இரண்டு முனையிலும் வெறும் நாட்களை விட்டு வையுங்கள். அந்த வெறும் நாட்களில்தான் நான் சென்னைத் துறைமுகத்து ராஜாஜி சாலையை நிதானமாக நடந்து பார்த்தேன், பாரிமுனையில் வயிறாரச் சாப்பிட்டேன். மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை. கடல் அப்போதுதான் அமைதியாக இருக்கும். மே மாதத்துக்கு மேல் தென்மேற்குப் பருவக்காற்று, ஐப்பசி கார்த்திகையில் புயல் பயம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இப்போது இன்னொரு வசதி வந்திருக்கிறது. 2023 ஜூனில் போடிநாயக்கனூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் விட்டார்கள். தேனியில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. துறைமுகம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான்.

கப்பலில் பங்க் வகுப்பு என்பது வரிசை வரிசையாகப் படுக்கைகள் போட்ட பெரிய கூடம். தீவுக்குத் திரும்புகிற குடும்பங்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்கள், மாணவர்கள் என்று ஊரே அங்கே இருக்கும். வசதி வேண்டுமென்றால் கேபின் எடுங்கள். நாங்கள் கேபினில்தான் போனோம், ஆனால் பொழுதெல்லாம் பங்க் ஆட்களோடு மேல்தளத்தில்தான். கேன்டீனில் சாப்பாடு கிடைக்கும். இருந்தாலும் வடுகபட்டிக்காரன் பூண்டு ஊறுகாயும் பூண்டுப் பொடியும் இல்லாமல் கடல் தாண்டுவானா? இரண்டாம் நாளே எங்கள் பாட்டிலைச் சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் என் வீட்டுக்காரம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “ஏங்க, நடுக்கடல்ல மூணு நாளு என்னங்க பண்றது?” கரை மறைந்ததும் அந்தக் கேள்வியும் மறைந்துவிட்டது. போனில் சிக்னல் போய்விடும். மண்டிக் கணக்கு, பூண்டு விலை, யாருக்கு யார் பாக்கி என்பதெல்லாம் போய்விடும். சென்னைக் கரையோரம் பச்சையாக இருந்த தண்ணீர் மறுநாள் மையைக் கரைத்த மாதிரி கருநீலமாகிவிடும். அதிலிருந்து பறவைக்கோலா மீன்கள் கூட்டமாகக் கிளம்பி, வெயிலில் மின்னிக்கொண்டு தண்ணீருக்கு மேலே வெகுதூரம் பறந்து போகும். வங்கக் கடலின் சராசரி ஆழம் ஏறத்தாழ 2,600 மீட்டர். கொடைக்கானல் ஊரே 2,100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து அண்ணாந்து பார்த்த அந்த மலையைத் தூக்கி இந்தத் தண்ணீருக்குள் நிறுத்தினால் ஊர் மொத்தமும் முழுகிவிடும்! கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை நினைத்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இன்னொரு அதிசயம் சூரியன். அட்லாண்டிக்கில் மேற்கே போகிற கப்பலில் ஒவ்வொரு இரவாகக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைப்பார்களாம். நம் கப்பலில் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். அந்தமானுக்கும் இந்திய நேரம்தான். சூரியன்தான் மாறிக்கொள்கிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே தீர்க்கரேகையில் 12 பாகைக்கும் கொஞ்சம் கூடுதல், அதாவது 50 நிமிடம். அதனால் கிழக்கே போகப் போக ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம் போல முன்னதாகவே விடிகிறது. பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அங்கேதான் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. விமானத்தில் இது கிடைக்குமா, சொல்லுங்கள்!

போர்ட் பிளேர் இருப்பது தீவின் கிழக்குக் கரையில். மேற்கிலிருந்து வரும் கப்பல் தெற்கே சுற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். அதனால் துறைமுகத்துக்கு முன்பே காடு மூடிய தீவுகள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்து வரும். தளத்தில் அத்தனை பேரும் ஒரு பக்கமாகக் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரம்மா சொன்னது: “இன்னும் ஒரு நாள் போனா என்னங்க?”

கரையில் அவசரப்படாதீர்கள். ஐந்து நாள் சுற்றுலாவில் வருகிறவர்கள் செல்லுலார் சிறையை அரை மணியில் பார்த்துவிட்டுப் படகுக்கு ஓடுகிறார்கள். 1906இல் கட்டி முடித்தபோது அதற்கு ஏழு கிளைகள். இன்று நிற்பவை மூன்று. ஒவ்வொரு கொட்டடியாக நின்று பார்க்க ஒரு நாள் வேண்டும். ராஸ் தீவு வெள்ளைக்காரர்களின் தலைமையிடமாக இருந்தது. 1941 நிலநடுக்கமும் மறுவருடம் ஜப்பானியர் வருகையும் அதை முடித்து வைத்தன. மாளிகைச் சுவர்களை ஆலமர வேர்கள் அணைத்துக்கொண்டு நிற்கிற காட்சியை நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். 1883இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலையையும் விடாதீர்கள். பங்குனி உத்திரத்துக்கு அங்கே இருந்தால் வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போங்கள். தீவுத் தமிழர்கள் அத்தனை பேரையும் அங்கே பார்த்துவிடலாம்.

பிறகு வடக்கே டிக்லிப்பூர். அங்கே ராஸ், ஸ்மித் என்ற இரண்டு தீவுகளை ஒரு மணல் திட்டு சேர்த்து வைத்திருக்கிறது. (இது வேறு ராஸ்.) தண்ணீர் இறங்கியதும் இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவில் நடந்து போகலாம். காளிப்பூர் கடற்கரையில் குளிர் மாதங்களில் ஆமைகள் முட்டையிட வரும். 732 மீட்டர் உயர சேடில் பீக், தீவுகளிலேயே உயரமான சிகரம், அங்கேதான் இருக்கிறது. திரும்பும் கப்பல் இரண்டு வாரம் தள்ளி இருந்ததால்தான் இத்தனையும் எங்களுக்குக் கிடைத்தது.

இந்தக் கடலில் நம் ஆட்கள் காலங்காலமாகப் போனவர்கள்தான். 1926இல் கட்டிய ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் எத்தனை ஆயிரம் தமிழர்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு போயிருக்கிறது! 1973இல் அதை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி, அந்தமான் ஊர் ஒன்றின் பெயரில் ‘ரங்கத்’ என்று மாற்றியது. அந்த ரங்கத் ஊர் வழியாகத்தான் நாங்கள் டிக்லிப்பூர் போனோம். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன்.

திரும்புவதற்கு ஏன் கொல்கத்தா? ஹூக்ளி ஆற்றுக்காக! கடைசி நாள் காலையில் நீலம் பச்சையாகி, பச்சை பழுப்பாகும். சாகர் தீவுப் பக்கம் கடல் எது, ஆறு எது என்று பிரிக்கவே முடியாது. ஆற்றைத் தெரிந்த வழிகாட்டி மாலுமி ஏறிக்கொள்வார். மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு அது. அவர் இல்லாமல் எந்தப் பெரிய கப்பலும் உள்ளே போகாது. பிறகு டயமண்ட் ஹார்பர், செங்கல் சூளைகள், படித்துறைகள், கையசைக்கிற பிள்ளைகள். ஓதம் ஏறும்வரை காத்திருந்து, கிதர்பூர் கப்பல்துறையின் மதகு வழியாக அவ்வளவு பெரிய கப்பலை அங்குலம் அங்குலமாக உள்ளே கொண்டு போவார்கள். அந்தக் காத்திருப்பைச் சலிப்பு என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பயணத்திலேயே சிறந்த மணி நேரங்கள் அவைதான்.

அங்கிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸ், சென்னை, போடி ரயில், ஊர். வந்த வாரமே மறுபடி தாளும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். அடுத்தது தலைகீழ்: கொல்கத்தாவில் ஏறி ஆற்றோடு இறங்கிப் போய், பங்குனி உத்திரம் முடியும்வரை தீவில் இருந்துவிட்டு, விசாகப்பட்டினத்துக்குக் கப்பல். மச்சானும் தங்கச்சியும் வருகிறேன் என்கிறார்கள். பூண்டுப் பொடி இந்தத் தடவை இரண்டு பாட்டில்.